ஸ்ரீரங்கமும் காஞ்சியும் செட்டிநாடும் யுனெஸ்கோ வாசலில் ஏன் காத்திருக்கின்றன?

கேள்வி இதுதான்: "ஸ்ரீரங்கம், காஞ்சிபுரம், செட்டிநாடு மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதாகப் பல ஆண்டுகளாகப் படிக்கிறோம். ஆனால் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இவற்றின் பெயரைக் காணோமே? செஞ்சிக் கோட்டைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? இதில் நம்மால் ஆவது ஏதாவது உண்டா?"

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த மூன்றும் இருப்பது உத்தேசப் பட்டியலில். சில நாளிதழ்கள் அதைத் தற்காலிகப் பட்டியல் என்று எழுதுகின்றன. "எதிர்காலத்தில் இந்த இடங்களுக்காக விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறோம்" என ஒரு நாடு யுனெஸ்கோவிடம் எழுதிக் கொடுத்து வைப்பதுதான் அது. அதில் பெயரைச் சேர்ப்பது நாட்டின் உரிமை. நிபுணர் யாரும் வந்து பார்த்து ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்தால்தான் ஓர் இடத்துக்காக முறையாக விண்ணப்பிக்க முடியும்.

ஸ்ரீரங்கத்தைப் பொறுத்தவரை குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017-ல் அந்தக் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. நன்றாகச் செய்த வேலைக்குக் கிடைத்த பாராட்டு அது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது வேறு; 1972-ல் பாரிஸில் உருவான உடன்படிக்கையின் கீழ், 21 நாடுகள் கொண்ட குழு ஆண்டுதோறும் கூடி முடிவெடுக்கும் விஷயம். விருது வந்தபோது "ஸ்ரீரங்கத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம்" என்ற தலைப்பைப் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் நின்று என்னிடம் அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

இனிக் காத்திருப்புக்கு வருவோம். 2025 செப்டம்பரில் ஏழு இயற்கை இடங்களைச் சேர்த்தபோது இந்தியாவின் உத்தேசப் பட்டியல் 69 ஆனது. இப்போதைய விதிப்படி ஒரு நாடு ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் தரலாம். இனி ஒன்றும் சேர்க்காமல், தருகிற ஒவ்வொன்றும் வென்றால்கூடக் கடைசி இடத்துக்கு முறை வர ஏழு தலைமுறை வேண்டாம், ஒரு முழு ஆயுள் வேண்டும். மேற்கு வங்கத்தின் விஷ்ணுபூர் சுடுமண் கோயில்கள் 1998 முதல் வரிசையில் நிற்கின்றன. ஸ்ரீரங்கமும் செட்டிநாடும் 2014-ல் சேர்ந்தவை. அதே ஆண்டு உள்ளே வந்த கர்நாடகத்தின் ஹொய்சாளக் கோயில்கள் 2023-லும், அசாமின் அகோம் அரசர்களின் ஈமமேடுகள் 2024-லும் சின்னங்களாகிவிட்டன. ஆகவே சேர்ந்த தேதியை வைத்து யாருக்கும் முறை வருவதில்லை. எந்த மாநிலம் கோப்பைத் தயார் செய்து தில்லியின் கதவைத் தட்டுகிறதோ, அதுதான் முன்னே போகிறது.

செஞ்சி அப்படிப் போனதுதான். 2021-ல் இந்தியா ஆறு இடங்களை உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. காஞ்சிபுரத்துக் கோயில்கள் அவற்றில் ஒன்று. மகாராஷ்டிரத்தின் மராட்டியக் கோட்டைகள் இன்னொன்று. ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் பாரிஸ் கூட்டத்தில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் இந்தியாவின் 44-ஆவது சின்னமாக அறிவிக்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. காஞ்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

செஞ்சிக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். செஞ்சியின் ராஜகிரி மலைமேல் ஏறி நின்றவர் எவரும் அந்தக் கோட்டையின் தகுதியைக் கேள்வி கேட்க மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் செஞ்சி என்றால் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன்; 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து மடிந்த இளைஞன், அவனுடைய பாராசாரிக் குதிரை, தெருக்கூத்து, கதைப்பாட்டு. பாரிஸுக்குப் போன கோப்பில் செஞ்சி சொன்ன கதை வேறு: 1677-ல் சிவாஜி கைப்பற்றியது, பிறகு அவருடைய மகன் ராஜாராம் அங்கே தஞ்சம் புகுந்து 1690 முதல் 1698 வரை முகலாய முற்றுகையைத் தாங்கியது. இரண்டும் உண்மை. எந்தக் கதையை எழுத ஆள் இருந்ததோ, அந்தக் கதை உலகத்துக்குப் போனது. எழுதியவர்கள் மகாராஷ்டிரத்தினர், கோப்பில் நம் கோட்டைக்கும் இடம் கிடைத்தது. நம் கோயில்களுக்கு அந்த ஆள் எங்கே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தக் கோப்பு என்ன கேட்கிறது? பெருமையைக் கேட்பதில்லை. பத்து அளவுகோல்கள் உண்டு; ஆறு பண்பாட்டுக்கு, நான்கு இயற்கைக்கு. அவற்றில் ஒன்றையாவது நிறைவு செய்வதாக நிரூபிக்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த, உலகின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டு, இது ஏன் தனி என்று காட்ட வேண்டும். எல்லையை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்த எல்லையைச் சுற்றி ஒரு காப்பு வளையம், அதற்குள் யார் என்ன கட்டலாம் என்ற சட்டம், பராமரிக்கப் பணம், பொறுப்பேற்க அலுவலகம், இவை அனைத்தும் காகிதத்தில் இருக்க வேண்டும். பண்பாட்டு இடங்களை ஐகோமாஸ் என்ற நிபுணர் அமைப்பும், இயற்கை இடங்களை ஐயூசிஎன் அமைப்பும் ஆராய்கின்றன. நிபுணர் ஒருவர் நேரில் வந்து நடந்து பார்க்கிறார். பிப்ரவரி 1-ஆம் தேதி கொடுத்த கோப்புக்கு விடை தெரிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். விடையும் 'ஆம், இல்லை' என்று மட்டும் வருவதில்லை. கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பலாம். அடிப்படையையே மாற்றி எழுதச் சொல்லலாம். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் படைப்புகளுக்காகப் பல நாடுகள் சேர்ந்து கொடுத்த விண்ணப்பம் 2009-லும் 2011-லும் திரும்பி வந்து, சண்டிகரின் சட்டமன்ற, நீதிமன்ற, தலைமைச் செயலகக் கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டு 2016-ல்தான் தேறியது. 'இல்லை' என்று முடிவாகச் சொல்லிவிட்டால், விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒழிய, அந்த இடத்தை மறுபடி கொண்டுவர முடியாது. அதனால்தான் அரைகுறைக் கோப்போடு போக எந்த நாடும் தயங்குகிறது.

இப்போது நம் மூன்றுக்கும் வருகிறேன்.

காஞ்சியின் சிக்கல் ஒப்பீட்டில் இருக்கிறது. மாமல்லபுரம் 1984-லேயே சின்னமாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல், கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004-ல். "பல்லவர் கலைக்கு மாமல்லபுரம் இருக்கிறது, பெருங்கோயிலுக்குச் சோழர் இருக்கிறார்கள், காஞ்சி புதிதாக என்ன சொல்கிறது?" என்று நிபுணர் கேட்பார். என் பதில், காஞ்சியைக் கோயில்களின் கூட்டமாக எழுதக் கூடாது, நகரமாக எழுத வேண்டும் என்பது. பெரிய காஞ்சி சிவனுக்கு, சின்னக் காஞ்சி பெருமாளுக்கு, வேகவதிக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம் சமணர்க்கு. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக ஒரே ஊர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகையில் சுவர் நெடுகப் போய்க்கொண்டே இருங்கள். பல்லவர் வம்ச வரலாறு கல்லில் வரிசையாக ஓடுகிறது: வாரிசு இல்லாமல் அரியணை காலியாவது, பெரியவர்கள் தேடிப்போய் ஒரு சிறுவனை அழைத்து வருவது, அவன் நந்திவர்ம பல்லவமல்லனாக முடிசூடுவது. ஓர் அரசமரபு தன் வரலாற்றைத் தானே கல்லில் படமாக எழுதி வைத்ததற்கு இதைப்போல எத்தனை சான்றுகளைக் காட்ட முடியும்? கோப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கல் மணற்கல். மழைக்கும் காற்றுக்கும் கரைந்துகொண்டிருக்கிறது. முகங்கள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன. நிர்வாகமும் ஒரே கையில் இல்லை. கைலாசநாதர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையிடம், ஏகாம்பரநாதர் கோயில் அறநிலையத் துறையிடம். இரு துறைக்கும் சேர்த்து ஒரே பராமரிப்புத் திட்டம் எழுதுவது, கோப்பின் மற்றப் பக்கங்கள் எல்லாவற்றையும்விடக் கடினம் என்பேன்.

ஸ்ரீரங்கத்தின் சிக்கல் வேறு. அதை நான் சிக்கல் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதன் உயிர் என்பேன். ஏழு பிராகாரங்கள், 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வெளிச்சுற்றுகளில் உத்திர வீதி, சித்திரை வீதி என்று ஊரே குடியிருக்கிறது; கோலம் போடுகிறார்கள், காய்கறி விற்கிறார்கள், ஆட்டோ ஓடுகிறது. கோயிலும் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று. தெற்கு வாசலில் 236 அடி உயரத்துக்கு நிற்கும் ராஜகோபுரம் 1987-ல் முடிந்தது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றதை நம் காலத்தில்தான் கட்டி முடித்தார்கள். ஐரோப்பியக் கண்ணோடு பார்க்கிறவர், "இது பழமையா, புதுமையா?" என்று கேட்பார். இதற்கான பதிலை ஜப்பான் ஏற்கெனவே தேடித் தந்திருக்கிறது. மரக் கோயில்களைக் காலம்தோறும் புதுப்பித்துக் கட்டும் மரபு அவர்களுடையது. அதனால் 1994-ல் அந்நாட்டின் நாரா நகரில் கூடிய நிபுணர்கள், உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்று ஓர் ஆவணத்தில் எழுதி வைத்தார்கள். ஆகமப்படி, சிற்ப சாத்திரப்படி, பரம்பரை ஸ்தபதிகள் கட்டிய கோபுரம் அந்த அளவுகோலில் தேறும்.

தேறாதது எது தெரியுமா? குடமுழுக்கு என்றதும் கல் தூணின் மேல் மணல் வீச்சுக் குழாயைத் திருப்புவது. பாசியோடு சேர்ந்து உளியின் கடைசி வரியும் உதிர்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமென்ட், கல் தளத்தின் மேல் வழுவழு டைல்ஸ், சுதைச் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பக்தியோடு செய்கிற திருப்பணி என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. என் ஊர்க் கோயிலில் ஒரு மண்டபத்தின் தரையெல்லாம் கல்வெட்டு; சிறு வயதில் விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன். போன திருப்பணியில் அதன் மேல் கிரானைட் பதித்துவிட்டார்கள். "சுத்தமாக இருக்கிறது பாருங்கள்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் விருது வாங்கிய புனரமைப்பு, சரியான முறையில் செய்யவும் நமக்குத் தெரியும் என்று காட்டிய வேலை. கோப்புக்கு மிகப் பெரிய பலம் அதுதான்.

செட்டிநாடுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. காஞ்சியும் ஸ்ரீரங்கமும் காத்திருந்தாலும் இருக்கும். செட்டிநாடு காத்திருக்கும்போதே குறைந்துகொண்டு வருகிறது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குப் புரியும். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒருமுறை ஒரு கடையின் பின்கட்டில் ஒரு நிலைக்கதவு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பர்மா தேக்கு, ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு. மேல் சட்டத்தில் கஜலட்சுமி, இரு பக்கமும் கிளிகள், கொடிகள். கதவின் ஓரத்தில், கை வைத்துத் தள்ளித் தள்ளி ஒரு கையளவு இடம் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தது. எத்தனை ஆச்சிகள், எத்தனை மணப்பெண்கள் கை வைத்த இடம்! அதன் காலடியில் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, தகரப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் விலாச எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. நகரத்தார் வீட்டில் கரண்டிக்குக்கூட விலாசம் உண்டு. விலாசம் அப்படியே இருக்கிறது, வீடுதான் இல்லை.

ஏன் இடிகிறது? பேராசை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செழித்தபோது எழுந்த வீடுகள் அவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். இரண்டாம் உலகப் போரில் பர்மா போனதோடு வருமானம் போனது. கட்டியவருக்கு நான்கு பிள்ளைகள் என்றால் இன்று பங்காளிகள் நாற்பது புள்ளிகள்; புள்ளி என்றால் நகரத்தார் வழக்கில் ஒரு குடும்பம். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். மேல்தளத்தில் ஓடு சரிந்தால் மாற்றுவதற்கு நாற்பது பேரும் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்குள் மழை உள்ளே இறங்கிவிடும். மழை இறங்கிய வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பது ஒன்றுதான் எல்லோரும் சேர்ந்து எடுக்கக்கூடிய முடிவாகிறது.

இந்த வீடுகளுக்கு இதைத் தடுக்கும் சட்டக் காப்பு கிடையாது. தனியார் சொத்து, தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும், நடைமுறைக்கு வருவதற்குள் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. "இந்த இடத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்று கோப்பில் ஒரு பகுதி உண்டு. அங்கே நாம் எழுதக்கூடியது மிகக் குறைவு. செட்டிநாட்டின் தகுதியில் எனக்கு ஐயமே இல்லை. கட்டம் போட்டதுபோல் தெருக்கள், கூரையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து ஊருணிக்கும் மழைநீரை வழிநடத்திய திட்டம், முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடித் தரைக் கல். ஒரு வணிகச் சமூகம் கடல் கடந்து சம்பாதித்ததை வறண்ட மண்ணில் ஊர்களாக மாற்றிய கதைக்கு ஒப்பு தேடுவது கடினம். ஆனால் தகுதியை எந்த வீடுகளைக் காட்டி நிரூபிப்பது என்ற கேள்வி ஆண்டுக்கு ஆண்டு கனக்கிறது.

இயற்கை இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2025-ல் சேர்ந்த ஏழில் விசாகப்பட்டினத்துக்கு அருகே உள்ள எர்ர மட்டி திப்பலு ஒன்று. கடலோரச் செம்மணல் மேடுகள். தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு அது தூரத்து உறவாகத் தெரியும். தெற்காசியாவில் இவ்வகை நிலம் அரிது. நம் தேரி எந்தப் பட்டியலிலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-ல் தேறியது நினைவிருக்கலாம். ஐயூசிஎன் "இன்னும் திருத்தி வாருங்கள்" என்று சொன்ன பிறகும், குழு அதை ஏற்றுக்கொண்டது. கர்நாடகத்தில் அப்போது எழுந்த எதிர்ப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காட்டோரத்தில் வாழ்கிறவர், "நாளை என்னை வெளியேற்றுவார்களா?" என்று அஞ்சினால் அந்த அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. உத்திர வீதியில் வீடு வைத்திருப்பவருக்கும் இதே அச்சம்தான்: மாடி கட்ட விடுவார்களா? யுனெஸ்கோ யாருடைய நிலத்தையும் எடுப்பதில்லை. கட்டுப்பாடுகள் நம் சட்டங்களிலிருந்துதான் வருகின்றன. அதை வீடு வீடாகப் போய் விளக்காமல் கோப்பு எழுதக் கூடாது.

பட்டம் கிடைத்தபின் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹம்பிக்கு அருகே துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியதால் 1999-ல் அது ஆபத்திலுள்ள சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2006-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றின் மேல் நான்கு வழிப் பாலம்தான் வேண்டும் என்று நின்றது. 2009-ல் சின்னம் என்ற பெயரையே இழந்தது.

எத்தனை ஆண்டு ஆகும் என்றால், இப்போது கோப்புக்கு முன்பே நிபுணர்களின் முன்மதிப்பீடு என்ற கட்டம் வந்திருக்கிறது. அது எல்லோருக்கும் கட்டாயமாகிறது. இன்றே வேலையைத் தொடங்கினாலும், முன்மதிப்பீடு, இடைவெளி, கோப்பு, ஆய்வு என்று முடிவு தெரிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அதுவும் தில்லி நம் பெயரை அந்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்தால்.

நம்மால் ஆவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்கு நாள் குறித்தால், வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு தூணையும் தரையையும் கல்வெட்டையும் படமெடுத்துத் தேதி எழுதி வையுங்கள். மணல் வீச்சு இயந்திரம் வந்து இறங்கினால், அறநிலையத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். செட்டிநாட்டில் உங்களுக்குப் பங்கு உள்ள வீடு இருந்தால், அடுத்த முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் போகும்போது வீட்டை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு இரண்டாம் கட்டு அறையில் பழைய பேரேடுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளில் வீடு கட்டிய கணக்கே தனியாக எழுதி வைத்திருப்பார்கள்: தேக்கு எந்தக் கப்பலில் வந்தது, கொத்தனாருக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று. நிபுணர் தேடி வரும்போது அதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை. இப்போது அது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.